அடியில என்னமோ லொடலொடங்குது

"அண்ணாச்சி, அடியில என்னமோ லொடலொடங்குது. ரோட்டுல போம்போது நல்லாக் கேக்கு. இங்க கொண்டாந்தா சத்தத்தையே காணோம்." திருநெல்வேலி வட்டாரத்தில் இந்தப் புகாரைக் கேட்காத மெக்கானிக் இருக்க முடியாது. எஞ்சினில் கோளாறு என்றால் வண்டி நின்றுவிடும். பிரேக்கில் கோளாறு என்றால் காலுக்குத் தெரிந்துவிடும். அடியிலிருந்து வரும் சத்தத்துக்கு அந்த நேர்மை கிடையாது. வண்டி பாட்டுக்கு ஓடும், சத்தமும் கூடவே வரும்; வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையைப் போலப் பட்டறை வாசலில் அடங்கிவிடும்.

இந்தக் கவலைக்கு மோட்டாரைவிட வயது அதிகம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஔவையார் எடுத்துக்கொண்ட பொருள் வாளோ வேலோ இல்லை. உப்பு வண்டியின் அடியில் கட்டிக் கிடந்த ஒரு மரம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று அஞ்சிய உமணர் என்ற உப்பு வணிகர்கள், வண்டிக்குக் கீழே உபரியாக ஓர் அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். இன்றைய லாரிக்காரர் ஸ்டெப்னி கட்டுவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். உருவத்தில் சிறியவரை இகழாதே என்று சொல்ல வந்த வள்ளுவரும் 667ஆம் குறளில் தேரின் அச்சாணியைத்தான் கைகாட்டினார். வண்டி என்றால் மேலே ஏற்றியிருக்கும் பாரத்தைப் பார்ப்பவர்கள் ஒரு வகை, குனிந்து அடியைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. பின்னவர்களின் தொழிலுக்குத் தனி வரலாறு உண்டு.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு வண்டிகளை நம்பி வாழ்ந்த நிலம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும்வரை ஆறு ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று பிரியும் வாய்க்கால்கள். வாய்க்கால் பாய்கிற இடமெல்லாம் காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல். களத்து நெல்லும், காருக்குறிச்சிப் பானையும், பத்தமடைப் பாயும் கட்டை வண்டியில்தான் ஊர் கடந்தன. பானை ஏற்றியவனுக்கும் நெல் ஏற்றியவனுக்கும் வண்டியின் ஆட்டம் ஒன்றாக இராது. நெல் மூட்டை எத்தனை குலுங்கினாலும் கேட்காது; பானை கேட்கும்.

கட்டை வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி வட்டை, வட்டையின்மேல் இரும்புப் பட்டை. அச்சிலிருந்து குடம் கழன்றுவிடாமல் முனையில் கடையாணி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குடத்துக்கும் கடையாணிக்கும் இடையில் கொஞ்சம் இடம் விட்டே ஆகவேண்டும். விடாவிட்டால் சக்கரம் இறுகி மாடு திணறும். விட்ட இடத்தில் சக்கரம் இடமும் வலமுமாக ஆடி, ஒரு தடவை கடையாணியில் முட்டும், மறு தடவை அச்சின் தோளில் முட்டும். கட்டை வண்டி போகும் பாதையெல்லாம் கேட்ட 'கடக் கடக்' அதுதான். அது கோளாறே இல்லை. வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கான அடையாளம். ராத்திரி நேரத்தில் வருவது யார் வீட்டு வண்டி என்று திண்ணையில் படுத்தபடியே சொல்லிவிடுகிறவர்கள் இருந்தார்கள்.

ஆகவே வண்டிக்காரன் காது தேடியது சத்தத்தை இல்லை, சத்தத்தில் வந்த மாற்றத்தை. 'கடக் கடக்' போய் 'கிறீச்' என்றால் மசை வற்றிவிட்டது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த கறுப்பு மசைதான் அன்றைய கிரீஸ். வண்டியோடு ஒரு குழாயிலோ தகர டப்பாவிலோ கூடவே வரும். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்து, அச்சில் மசையை அப்பிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தால் அடுத்த ஊர்வரை கவலை இல்லை. 'சல சல' என்று தகரம் தட்டுவது போலக் கேட்டால் விஷயம் வேறு. இரும்புப் பட்டை தளர்ந்திருக்கிறது.

பட்டை தளர்வது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், இரும்பு சுருங்காது. வட்டைக்கும் பட்டைக்கும் இடையில் நூலளவு இடைவெளி விழுந்தாலே போதும், சக்கரம் பேசத் தொடங்கிவிடும். அதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் செலவில்லாத மருந்து இருந்தது. சக்கரத்தைக் கழற்றி வாய்க்காலில் போட்டு ஊறவிடுவார்கள். கழற்றச் சோம்பல்பட்டால் வண்டியையே தண்ணீருக்குள் இறக்கி நிறுத்துவார்கள். மரம் உப்பிப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். மானம் பார்த்த கரிசல் பூமிக்காரனுக்குக் கிடைக்காத சௌகரியம் இது. ஆனால் ஊறிய மரம் மறுபடி காயும், சத்தம் மறுபடி வரும்.

அப்போது ஆசாரியிடம் போகவேண்டும். தச்சாசாரி சக்கரத்தை நிமிர்த்தி வைத்து ஒவ்வோர் ஆரக்காலையும் கொட்டாப்புளியால் தட்டிக் கேட்பார். இறுக்கமாக நிற்கும் கால் 'டங்' என்று பதில் சொல்லும். துளையில் தளர்ந்தது 'டொக்' என்று அமுங்கும். குளத்தங்கரைக் கருவேல மரத்தில் புதுக் கால் செதுக்கிப் பூட்டியபின் வேலை கொல்லாசாரி கைக்குப் போகும். பட்டையை வெட்டிச் சுருக்கி, வட்டையைவிடக் கொஞ்சம் சின்ன வளையமாக ஒட்டி, வறட்டி அடுக்கித் தீ மூட்டி அதன் நடுவில் வைப்பார்கள். இரும்பு பழுத்து விரிந்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் இறக்கி, மரம் தீப்பிடிக்கும் முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும் வேகத்தில் ஆரக்கால்கள் எல்லாம் முறுமுறுவென்று குடத்துக்குள் இறுகுவது காதுக்கே கேட்கும். நட்டும் போல்ட்டும் இல்லாமல் இத்தனை துண்டுகளை ஒரே பிடியில் பிடித்து நிறுத்திய இந்த வேலையை நாட்டுப்புறத் தொழில் என்று சாதாரணமாக ஒதுக்கிவிடுகிறோம். வெப்பத்தில் விரிவதையும் குளிரில் சுருங்குவதையும் விரல் கணக்கில் வைத்து வேலை செய்த பொறியியல் அது.

இவ்வளவு பெரிய சக்கரத்தொழில் இருந்த ஊருக்கு அதன் உச்சம் நெல்லையப்பர் கோயில் தேர். ஆனித் திருவிழாவில் ரத வீதிகளைச் சுற்றும் இந்தத் தேரின் எடையை 450 டன் என்று உள்ளூரில் சொல்வார்கள். இன்றும் மனிதர்கள் வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். 2024இல் வடம் அறுந்து தேர் நின்றபோது அந்தப் பாரம் எவ்வளவு என்று எல்லாருக்கும் மறுபடி நினைவுக்கு வந்தது. சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடுகிறவரின் கண் முன்னால் இருந்தாலும் காது அச்சில்தான் இருக்கும். இப்போது தேர் ஓடுமுன் பொறியாளர்கள் பார்த்துச் சான்று தருகிறார்கள்.

பாலம் வந்ததும் சத்தத்தின் கதை திசை மாறியது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் ஆறு ஓடியதால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தோணி, தண்ணீர் வற்றிய நாளில் மணலில் இறக்கி ஏற்றும் வண்டி என்பதுதான் நிலை. கலெக்டர் அலுவலகச் சிரஸ்தார் சுலோசன முதலியார் தன் சொத்தைக் கொடுத்து, 1843இல் கற்பாலம் எழுந்தது. 760 அடி நீளம், 11 வளைவுகள். லண்டனின் வாட்டர்லூ பாலத்தை மனத்தில் வைத்து வடிவமைத்தது. தருமத்துக்காகவும் அழகுக்காகவும் பாலத்தைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. வண்டி மாட்டுக்கும் சக்கரத்துக்கும் அது செய்த உபகாரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆற்று மணல் குடத்துக்குள் புகுந்தால் மசையோடு கலந்து அரம் போல அச்சைத் தின்னும். நாளாவட்டத்தில் குடத்தின் துளை அகன்று சக்கரம் தள்ளாடும். பாலம் வந்தபின் மணலில் இறங்கும் அந்தத் தினசரித் தேய்மானம் குறைந்தது. அதற்குப் பதில் இரும்புப் பட்டை கல்லில் மோதும் தடதடப்பு வந்தது. ஒரு சத்தத்துக்கு மருந்து கொடுத்தால் அது வேறோர் இடத்தில் போய் முளைக்கும். பின்னால் வந்த கதை முழுக்க இப்படித்தான்.

1876இல் மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. மேற்கே கல்லிடைக்குறிச்சியை அது எட்டியது 1902இல், செங்கோட்டையை 1903இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டு சுவாரசியமானது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் அருவியின் விசையை நம்பி நூற்பாலை தொடங்கிவிட்டார்கள். ரயிலோ திருநெல்வேலியோடு நின்றிருந்தது. ஆலைக்குப் பஞ்சுப் பொதி போனதும் அங்கிருந்து நூல் திரும்பி வந்ததும் மாட்டு வண்டிகளில். யந்திர யுகத்தின் பாரத்தை மர அச்சும் கடையாணியும் சுமந்தன.

ரயில் தன்னோடு கொண்டுவந்த தொழில்களில் ஒன்று சக்கரம் தட்டுவது. வண்டி ஸ்டேஷனில் நிற்கும் சில நிமிஷத்துக்குள் நீண்ட காம்புச் சுத்தியலோடு ஒருவர் பெட்டி பெட்டியாக நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டுக்கொண்டு போவார். உலகமெங்கும் ரயில்வேக்களில் இருந்த பழக்கம் இது. முழுசான உருக்குச் சக்கரம் மணி போல ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால் ஒலி செத்துவிடும். தச்சாசாரி கொட்டாப்புளியால் செய்ததை வெள்ளைக்காரன் கம்பெனி சுத்தியலால் செய்தது, அவ்வளவே. தட்டினால் சுரம் எழுப்பும் கல் தூண்கள் நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் பல நூற்றாண்டாக நிற்கும் ஊருக்கு இது ஒன்றும் அதிசயமாக இருந்திராது. இன்று ரயில்வேயில் அதே வேலையைச் செய்யத் தண்டவாளத்தோரம் ஒலிவாங்கிகள் வந்துவிட்டன. ஓடும் வண்டியின் பேரிங் சத்தத்தைப் பதிவுசெய்து, கெட்டுப்போகப் போகிற பேரிங்கை முன்கூட்டியே சொல்லும் கருவிகள் அவை.

சாலையில் அடுத்த மருந்து வில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் வளைந்த உருக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோச்சு வண்டிக்குப் பூட்டக் காப்புரிமை வாங்கினார். அந்த உத்தி இங்கே வந்து வில் வண்டி ஆயிற்று. பண்ணையாரும் வக்கீலும் மெத்தை போட்டு உட்கார்ந்து போனார்கள்; இடுப்பு வலி குறைந்தது. ஆனால் கட்டை வண்டியில் ஆடுவதற்கு அச்சும் குடமும் மட்டுமே இருந்தன. வில் வண்டியில் பட்டைக்கும் பட்டைக்கும் உரசல், பட்டையைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி, அதைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் என்று ஆடக்கூடிய இடங்கள் பெருகின. சொகுசு கூடக் கூட, சத்தம் போடும் மூட்டுகளும் கூடின.

பள்ளத்தாக்குக்குச் சற்றுத் தெற்கே, நம்பி கோயில் கொண்ட திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு, 1911இல் மோட்டார் தொழிலில் இறங்கினார். தென் மாவட்டச் சாலைகளில் பஸ் ஓடத் தொடங்கிய அந்தக் காலத்தில் பெரிய எதிரி மாட்டு லாடத்திலிருந்தும் வண்டிப் பட்டையிலிருந்தும் உதிர்ந்த ஆணி. கட்டை வண்டி உதிர்த்ததெல்லாம் மோட்டார் டயரில் ஏறியது. சாலையில் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க அடியில் காந்தம் கட்டிய வண்டியை டி.வி.எஸ். ஓட்டினார் என்று மதுரைப் பக்கம் ஒரு கதை வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மரக்கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்ஸை ஓட்டும் கருவியை இந்த நிறுவனம் தயாரித்தது. கரி பஸ் என்றார்கள். பின்பக்கம் ஒரு தகர உருளையைச் சுமந்துகொண்டு போன வண்டியில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதே வீண் வேலை.

அந்தக் குடும்பம் 1960களில் தொடங்கிய கம்பெனிகளின் பெயர்களைப் பார்த்தால் வண்டியின் அடிப்பாகத்தைக் கீழிருந்து மேலே பார்ப்பது போல இருக்கும்: வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், போல்ட்டும் நட்டும் செய்யும் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ். இந்தியச் சாலையில் எது கழன்று விழும், எது தளரும் என்பதை அரை நூற்றாண்டு பஸ் ஓட்டிக் கற்றுக்கொண்டவர்கள் அதையே செய்து விற்க முனைந்ததில் வியப்பில்லை.

1972இல் டி.வி.எஸ். பஸ்களை அரசு எடுத்துக்கொள்ள, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அதிலிருந்து பிரிந்து 1974 ஜனவரி 1 முதல் திருநெல்வேலிக்குத் தனியாகக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1997இல் கழகங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயரெல்லாம் நீக்கப்பட்டபோது அந்தப் பெயரும் போனது. பாளையங்கோட்டையின் கே.டி.சி. நகரில் மட்டும் மூன்று எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அரசு பஸ் வந்தபின் சத்தம் தேடுவது ஒரு முறையான உத்தியோகமானது. ராத்திரி டிப்போவுக்குத் திரும்பும் டிரைவர் அன்றைக்கு வண்டியில் கண்ட குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். தரையில் நீளமாக வெட்டிய குழிக்கு மேல் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மெக்கானிக் குழிக்குள் இறங்கி நிமிர்ந்து நின்றால் அச்சும் பட்டையும் தலைக்கு மேல் கைக்கெட்டும். மாட்டு வண்டிக்காரன் குனிந்து பார்த்த இடத்தை அண்ணாந்து பார்க்கும் வசதி. இதற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியிருந்தது. எஃப்.சி. என்ற இரண்டு எழுத்துக்குப் பயந்து வருஷத்துக்கொரு தடவையாவது லாரிகள் பட்டறை ஏறும். 'பிரேக் இன்ஸ்பெக்டர்' முன்னால் நிறுத்துமுன் போல்ட்டெல்லாம் முறுக்கிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பெயின்ட் காய்வதற்குள் தளர்ந்துவிடும் போல்ட்டுகளும் உண்டு.

டிரைவர் எழுதும் குறை பெரும்பாலும் ஒற்றை வரி: 'பின்பக்கம் சத்தம்.' அதை ஒரு போல்ட் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில் நுணுக்கம். தேர்ந்த மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தொடமாட்டார். கேள்விகள் கேட்பார். காலையில் எடுத்ததுமே வருதா, சூடேறின பிறகா? காலி வண்டியிலா, லோடிலா? ஆக்சிலேட்டர் கொடுத்தா கூடுதா? பிரேக்கை லேசா மிதிச்சா நிக்குதா? திருப்பும்போது எந்தப் பக்கம்? ஒவ்வொரு பதிலும் சந்தேகப்பட வேண்டியவற்றில் பாதியைக் கழித்துவிடும். லோடு ஏற்றினதும் அடங்குகிற லொடலொடப்பு ஸ்பிரிங் பட்டை செட்டில் இருக்கும். பாரம் அழுத்த, தளர்ந்த பட்டைகள் சேர்ந்து படுத்துக்கொள்கின்றன. பிரேக்கை வருடினதும் நிற்பது பிரேக் பேடு. கிளட்ச்சை விடும்போது ஒரே ஒரு 'டங்' என்றால் ஜாயின்ட் கிராஸ் தேய்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் குழியில் விழும்போது கேட்டு, ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது கேட்காமல் போனால் கார்களில் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்கினால் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால்தான் முறுக்கும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போதே அதிர்வது சைலன்சரின் கிளாம்ப், அல்லது அதன்மேல் வெப்பம் தடுக்க வைத்த மெல்லிய தகடு.

அப்புறம்தான் "நீங்க ஓட்டுங்க, நான் பின்னால இருந்து கேக்கேன்" என்று ஏறி உட்காருவார். இதில் பெரிய தொல்லை, காது பொய் சொல்லும். வண்டியின் சேசிஸ் நீளமான உருக்குச் சட்டம். முன் அச்சில் எழும் தட்டல் சட்டம் வழியே ஓடிப் பின் சீட்டுக்கடியில் கேட்கும். வலப்பக்கம் என்று சத்தியம் செய்தது இடப்பக்கத்தில் கிடைக்கும். காதை நம்பி ஸ்பிரிங்கை மாற்றி, ஷாக் அப்சார்பரை மாற்றி, காசைக் கரைத்துவிட்டு அப்புறமும் சத்தத்தோடு வீட்டுக்குப் போனவர்கள் அநேகம். நிதானமான மெக்கானிக்குகள் மாற்றுவதற்குப் பதில் ஊமையாக்கிப் பார்ப்பார்கள். சந்தேகப்படும் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பழைய டியூப் துண்டைச் செருகி ஒரு சுற்று. அப்போதும் கேட்டால் டியூப்பை அடுத்த இடத்துக்கு மாற்றி இன்னொரு சுற்று. எதை அமுக்கியபோது நின்றதோ அதுதான் குற்றவாளி.

வண்டியை ஜாக்கியில் ஏற்றியபின் கண்ணுக்கும் கைக்கும் வேலை. தளர்ந்த போல்ட்டைச் சுற்றி மஞ்சள் குங்குமம் கலந்தது போல ஒரு சிவந்த பொடி படிந்திருக்கும். இரும்பும் இரும்பும் நுணுக்கமாக உரசி உதிர்ந்த துரு மாவு அது. சேறும் எண்ணெயுமாகக் கறுத்த அடிப்பாகத்தில் ஓர் இடம் மட்டும் வெள்ளி போல மின்னினால் அங்கே ஏதோ ஒன்று இடித்துக்கொண்டிருக்கிறது. போல்ட்டின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சுத்தியலால் தட்டினால் தளர்ந்தது விரலில் குதிக்கும். ஓடும் எஞ்சினோடு பேரிங்கைச் சோதிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும்: முனையை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்தால் பேரிங் உருளுவது தனியாகக் கேட்கும். இத்தனைக்கும் பிறகு, மணிக்கணக்கில் தேடிய சத்தம் பின் சீட்டுக்கடியில் உருளும் ஜாக்கி லிவராக இருந்துவிடுவதும் உண்டு. அதற்குக் கூலி கேட்பதா வேண்டாமா என்பது பட்டறைத் தொழிலில் இன்னும் தீராத தர்மசங்கடம்.

ரப்பர் வந்தபோது இந்தத் தேடல் முடிந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். இரும்பும் இரும்பும் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் புஷ் புகுந்து, பழைய சத்தங்கள் நிஜமாகவே அடங்கின. மாட்டு வண்டிகூட டயர் வண்டியாகித் தெருவில் ஓசையில்லாமல் போனது. பட்டை கட்டும் வறட்டித் தீ அணைந்ததற்கு லாரியைவிட இந்த டயர்தான் பெரிய காரணம். ஆனால் ரப்பர் வெயிலில் இறுகும், எண்ணெய் பட்டால் ஊதும், வெடித்துக் கிழியும். கிழிந்த நாளிலிருந்து பழைய இரும்புச் சத்தம் திரும்ப வந்துவிடும். வட்டை சுருங்கிச் சலசலத்ததற்கும் புஷ் வெடித்து லொடலொடப்பதற்கும் அதே சித்திரை வெயில்தான் பொறுப்பு.

இந்த மாவட்டத்தில் அடிப்பாகத்தைச் சோதிக்கும் சாலை எது என்று கேட்டால் டிரைவர்கள் தயங்காமல் மாஞ்சோலை என்பார்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கு மேல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து பம்பாய் பர்மா கம்பெனி தேயிலை போட்ட மலை. மணிமுத்தாறிலிருந்து ஏறி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போகும் பாதையில் பஸ் ஓடுவதைவிடக் கல்லுக்குக் கல் தாவுவதுதான் அதிகம். ஊத்தும் நாலுமுக்கும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் இடங்களின் வரிசையில் அடிக்கடி வருபவை. போட்ட தார் தங்காது. இன்னொரு பக்கம், கார் கம்பெனிகள் உலகமெங்கும் தங்கள் சோதனைத் திடல்களில் பெல்ஜியம் நாட்டுப் பழைய கல் பாவிய தெருக்களைப் பார்த்து, கரடுமுரடான பாதைகளைப் பெருஞ்செலவில் கட்டி வைத்திருக்கின்றன. புது வண்டியின் எந்த மூட்டு முதலில் தளர்கிறது என்று அதில் ஓட்டித் தெரிந்துகொள்வதற்காக. மாஞ்சோலை பஸ் டிரைவர் அந்தச் சோதனையை டிக்கெட் எடுத்த பயணிகளோடு தினமும் செய்தார். 2024இல் தோட்ட நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தபின் மலையில் குடும்பங்கள் குறைந்துவிட்டன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை பள்ளத்தாக்கையே முக்கி எடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். திருநெல்வேலி ஜங்ஷன் தண்ணீருக்குள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு எஞ்சின் கவலைதான் முதலில் வரும், அதைச் சரிசெய்துவிட்டு ஓட்டத் தொடங்குவார்கள். அடிப்பாகம் அப்புறம்தான் பேசும். வண்டல் கலந்த தண்ணீர் சீல் வழியாகக் கசிந்து வீல் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். அப்போது தெரியாது. வாரங்கள் போனபின் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் 'ஹூம்' என்று ஓர் உறுமல் எழும்பி, வேகம் கூடக் கூடக் கூடும். வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது சத்தமும் மாறும். சுலோசன முதலியார் பாலம் வருவதற்கு முன் மாட்டு வண்டியின் குடத்தைத் தின்ற அதே ஆற்று மண்.

2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் என்ற வியட்நாம் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. மின்சார வண்டியில் எஞ்சின் இரைச்சல் இல்லை, சைலன்சர் இல்லை. எல்லாக் கோளாறையும் மூடி மறைத்த அந்தப் பெரிய சத்தம் போனதால், அதுவரை கேட்காத சின்னச் சின்ன ஓசையெல்லாம் மேலே வந்துவிடுகிறது. டேஷ்போர்டின் கிளிப் ஒன்று நெறிப்பதும், பேட்டரிக்கு அடியில் மாட்டிய காப்புத் தகடு கல் பட்டு அதிர்வதும், ஸ்டெபிலைசர் லிங்க்கின் ஒரு சிறு தட்டலும் ஓட்டுகிறவர் காதைக் குடையும். கார் ஆலைகளில் புது வண்டியை மேடு பள்ளமான ஒரு துண்டுப் பாதையில் ஓட்டி, உள்ளே ஆள் உட்கார்ந்து கேட்டுச் சொன்னபின்பே வெளியே அனுப்பும் வழக்கம் உண்டு. பட்டறை மெக்கானிக்கைப் பொறுத்தவரை மின்சார வண்டியில் சில கேள்விகள் மட்டும் அடிபட்டுப் போகின்றன. கிளட்ச்சை விட்டா வருதா என்று கேட்க முடியாது, கிளட்ச் இல்லை. லோடிலா காலியிலா, பிரேக்கை மிதிச்சா நிக்குதா, எந்தப் பக்கம் திருப்பும்போது என்பவை அப்படியே இருக்கின்றன.